பாடம் 12: பெலேயா, மெஸ்ஸியா?

இந்த உரையாடலை இரண்டு பேராகச் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். ஒருவர் தாத்தா, ஒருவர் பேத்தி. வீட்டில் பேசுவது போலவே பேசலாம், வெட்கப்பட வேண்டாம்.

பேத்தி: தாத்தா, உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரர் மெஸ்ஸிதான்.
தாத்தா: அட போம்மா! நீ பெலே ஆடினதைப் பார்த்திருக்கியா?
பேத்தி: நீங்க மட்டும் நேர்லயா பார்த்தீங்க? டிவியிலதானே!
தாத்தா: பெலே மூணு உலகக் கோப்பை ஜெயிச்சார். உன் ஆளு?
பேத்தி: ஒண்ணு. ஆனா உலகக் கோப்பையில பெலேயை விட ஒரு கோல் கூட அடிச்சிருக்கார். பெலே 12, மெஸ்ஸி 13.
தாத்தா: எத்தனை மேட்ச்ல?

பேத்தி போனை எடுத்துப் பார்த்தாள். பெலே 14 ஆட்டங்களில் 12 கோல். மெஸ்ஸி, 2022 வரை, 26 ஆட்டங்களில் 13 கோல். பேத்தி போனைக் கீழே வைத்துவிட்டாள். தாத்தா சிரித்தார்.

தாத்தா ஜெயித்துவிட்டாரா? அவசரப்படாதீர்கள். நாம் இன்னும் ஒன்றைக் கேட்கவில்லை. இருவரும் ஆடியது ஒரே ஆட்டம்தானா?

(சிலர் வீட்டில் இதைக் கால்பந்து என்பார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் வீட்டில் உதைபந்தாட்டம் என்பார்கள். இரண்டும் சரிதான். இந்தப் பாடத்தில் கால்பந்து என்று எழுதுகிறேன். நீங்கள் உங்கள் வீட்டுச் சொல்லையே சொல்லலாம்.)

'விட' என்னும் சொல்

இரண்டு பேரையோ இரண்டு பொருளையோ ஒப்பிடும்போது 'விட' என்ற சொல் வருகிறது. யாரோடு ஒப்பிடுகிறோமோ அவர் பெயரோடு 'ஐ' சேர்க்க வேண்டும்.

பெலே + ஐ = பெலேயை. மெஸ்ஸி பெலேயை விட ஒரு கோல் அதிகமாக அடித்தார்.
மெஸ்ஸி + ஐ = மெஸ்ஸியை. பெலே மெஸ்ஸியை விடக் குறைவான ஆட்டங்களில் ஆடினார்.

பாருங்கள், இரண்டு வாக்கியமும் உண்மைதான். ஆனால் ஒன்றைப் படித்தால் மெஸ்ஸி பெரியவர் போலத் தெரிகிறது. மற்றதைப் படித்தால் பெலே பெரியவர் போலத் தெரிகிறது. 'விட' கொஞ்சம் ஆபத்தான சொல்!

நான் கணினிக்கு நிரல் எழுதும் வேலை செய்கிறேன். கணினியிடம் "4 பெரியதா, 3 பெரியதா?" என்று கேட்டால் உடனே "4" என்று சொல்லிவிடும். ஆனால் அந்த 4 கிலோமீட்டராகவும் 3 மைலாகவும் இருந்தால்? 3 மைல் என்பது கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர். அப்போது 3 தான் பெரியது. அலகு என்ன என்று பார்க்காமல் எண்களை ஒப்பிடக் கூடாது. கால்பந்தில் அந்த அலகுதான் விதி. விதி மாறினால், ஒரு கோலின் விலையும் மாறிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக்குப் போவோம். அங்கே குடிசன் பார்க் என்று ஒரு பழைய மைதானம் இருக்கிறது. 1892-ல் திறந்தார்கள். எவர்ட்டன் அணியின் மைதானம். இந்தப் பாடம் முழுக்க நாம் அங்கேயே சுற்றிக்கொண்டு இருக்கப் போகிறோம்.

அறுபது கோல் அடித்தவர்

எவர்ட்டன் அணியில் டிக்சி டீன் என்று ஒருவர் ஆடினார். 1927–28 பருவத்தில் இங்கிலாந்தின் முதல் பிரிவில், 39 ஆட்டங்களில் 60 கோல் அடித்தார். கடைசி ஆட்டம் 1928 மே 5, குடிசன் பார்க்கில், ஆர்சனல் அணிக்கு எதிராக. அன்றைக்கு வரும்போது அவர் கணக்கில் 57 கோல்தான் இருந்தது. அந்த ஒரே ஆட்டத்தில் மூன்று அடித்து 60-ஐத் தொட்டார். அவருக்கு அப்போது வயது 21.

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். 2022–23 பருவத்தில் மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் பிரீமியர் லீக்கில் 35 ஆட்டங்களில் 36 கோல் அடித்தார். பிரீமியர் லீக்கில் ஒரே பருவத்தில் அதற்கு முன் யாரும் அவ்வளவு அடித்ததில்லை. எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

60 எங்கே, 36 எங்கே! டீன் ஹாலண்டை விட அவ்வளவு பெரியவரா?

இங்கேதான் விதியைப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் கோலை வரையுங்கள். நாணயங்களை எடுத்து ஆட்டக்காரர்களாக வையுங்கள். உங்கள் அணிக்காரர் பந்தை உங்களை நோக்கி முன்னே தட்டுகிறார். அந்த நொடியில் உங்களுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆஃப்சைடு. இது 1925-க்கு முன்பு இருந்த விதி. அந்த மூன்று பேரில் ஒருவர் கோல்கீப்பர். மீதி இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். அந்த இருவரில் ஒருவர் மட்டும் சட்டென்று நாலு அடி முன்னால் ஓடி வந்தால் போதும், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்! இன்னொருவர் பின்னாலேயே காவலுக்கு நிற்கலாம். ஒரு நாணயத்தை நகர்த்திப் பாருங்கள், தெரியும். இதனால் ஆட்டம் அடிக்கடி நின்றது. கோல்கள் குறைந்தன. பார்க்க வந்தவர்களுக்கு அலுப்பாக இருந்தது.

1925-ல் 'மூன்று' என்பதை 'இரண்டு' என்று மாற்றினார்கள். ஒரே ஒரு எண்தான். அவ்வளவுதான், கோல் மழை! தடுப்பாட்டக்காரர்களுக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. 1926–27-ல் இரண்டாம் பிரிவில் மிடில்ஸ்பரோ அணியின் ஜார்ஜ் காம்செல் 59 கோல் அடித்தார். அடுத்த வருஷமே டீனின் 60. இரண்டும் அடுத்தடுத்து வந்தது தற்செயல் இல்லை.

பிறகு தடுப்பவர்களும் கற்றுக்கொண்டார்கள். ஆர்சனல் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் ஆடிய ஒருவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தடுப்பாட்டக்காரராக நிறுத்தினார். மற்ற அணிகளும் அதைப் பார்த்துச் செய்தன. கதவு திரும்பவும் பாதி மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு இன்றுவரை இங்கிலாந்தின் முதல் பிரிவில் ஒரு பருவத்தில் யாரும் 60 அடிக்கவில்லை.

அப்படியென்றால் டீன் சும்மா அதிர்ஷ்டக்காரரா? அப்படிச் சொல்லிவிடாதீர்கள். அதே விதி அன்றைக்கு எல்லாருக்கும் இருந்தது. முதல் பிரிவில் மற்ற யாரும் 60 அடிக்கவில்லையே! அதுவும் எப்படிப்பட்ட பந்து! அந்தக் காலப் பந்து தோலால் செய்தது. மேலே கயிறு போட்டுக் கட்டியிருக்கும். மழை பெய்தால் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். டீன் தலையால் முட்டி அடிப்பதில் கெட்டிக்காரர். அந்த ஈரப் பந்தைத் தலையால் முட்டுவதை நினைத்தாலே எனக்குத் தலை வலிக்கிறது. இப்போதைய பந்து தண்ணீரைக் குடிப்பதில்லை. இருந்தாலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சின்னப் பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று விதி கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் கிளப்பிலும் அப்படி இருக்கலாம். பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 1961 வரை ஆட்டக்காரர்களுக்கு வாரச் சம்பளம் இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. கடைசியில் அது வாரத்துக்கு 20 பவுண்டு. பிரெஸ்டன் அணியின் டாம் ஃபினி இங்கிலாந்துக்காக ஆடிய பெரிய ஆட்டக்காரர். அவர் குழாய் பழுதுபார்க்கும் தொழிலும் செய்தார். ஹாலண்ட் உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்து நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்!

பெலேயின் கால்

இப்போது பெலேயிடம் வருவோம். 1958-ல் சுவீடனில் பிரேசில் உலகக் கோப்பையை வென்றபோது அவருக்கு 17 வயது. இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தார். அன்றிலிருந்து எதிரணிகளுக்கு ஒரே கவலை. இந்தப் பையனை எப்படி நிறுத்துவது? சிலர் ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்தார்கள். பந்தை உதைக்காமல் பெலேயை உதைத்தார்கள்.

1966 உலகக் கோப்பை இங்கிலாந்தில் நடந்தது. பிரேசிலின் முதல் மூன்று ஆட்டங்களும் எங்கே தெரியுமா? அதே குடிசன் பார்க்கில். முதல் ஆட்டத்தில் பல்கேரியாவுக்கு எதிராகப் பெலே ஒரு கோல் அடித்தார். ஆனால் உதை வாங்கி வாங்கிக் காயப்பட்டு அடுத்த ஆட்டத்தில் ஆட முடியவில்லை. பிரேசில் தோற்றது. மூன்றாவது ஆட்டம் போர்ச்சுகலுடன். அங்கே ஒரு தடுப்பாட்டக்காரர் பெலேயின் காலைத் தட்டினார். பெலே தடுமாறி எழுந்து ஓடப் பார்த்தார். அவரே மறுபடியும் தட்டினார். பெலே விழுந்தார். நடுவர் அந்த ஆட்டக்காரரை வெளியே அனுப்பவில்லை.

இப்போது என்றால் என்ன நடக்கும்? சிவப்பு அட்டை. பெலேக்குப் பதிலாக இன்னொருவர் உள்ளே வருவார். 1966-ல் அட்டையே கிடையாது. உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரும் கிடையாது. காயப்பட்டவர் வெளியே போனால் அணிக்குப் பத்துப் பேர்தான். அதனால் பெலே ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே மைதானத்தில் நின்றார். பிரேசில் 1–3 என்று தோற்று வீட்டுக்குப் போனது. இனி உலகக் கோப்பையில் ஆட மாட்டேன் என்று பெலே சொல்லிவிட்டார்.

அதே உலகக் கோப்பையில் இன்னொரு குழப்பமும் நடந்தது. லண்டனில் இங்கிலாந்துக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஆட்டம். நடுவர் ஜெர்மானியர். அர்ஜென்டினாவின் தலைவர் ராட்டின் ஸ்பானிய மொழி பேசுபவர். நடுவர் அவரை "வெளியே போ" என்றார். ராட்டின் போகவில்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே பல நிமிடம் அங்கேயே நின்றார்! இரண்டு மொழிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்போது நடுவர்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் கென் ஆஸ்டன் என்ற இங்கிலாந்துக்காரர். அவர் காரில் வீட்டுக்குப் போகிற வழியில் சாலை விளக்கில் நின்றார். மஞ்சள் வந்தது, பிறகு சிவப்பு. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மஞ்சள் என்றால் 'பார்த்து நடந்துகொள்', சிவப்பு என்றால் 'வெளியே போ'. இதற்கு எந்த மொழியும் வேண்டாமே!

1970-ல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் முதன்முதலாக மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் நடுவர்களின் பைக்குள் இருந்தன. ஓர் அணி இரண்டு பேரை மாற்றலாம் என்ற விதியும் வந்தது. பெலேயும் மனம் மாறி வந்திருந்தார். அந்த முறை ஆறு ஆட்டத்திலும் ஆடினார். நான்கு கோல் அடித்தார். பிரேசில் மூன்றாவது தடவை கோப்பையை வென்றது.

அதனால்தான் பேத்தியின் 12-ம் 13-ம் எனக்குப் போதவில்லை. பெலேயின் 14 ஆட்டங்களில் சில, ஒற்றைக் காலில் ஆடியவை. 1962-லும் இரண்டாவது ஆட்டத்திலேயே காயப்பட்டு, மாற்று ஆள் இல்லாமல் கடைசிவரை நின்றார். மெஸ்ஸியைக் காப்பாற்ற அட்டைகள் இருக்கின்றன. இப்போது ஓர் அணி ஐந்து பேரை மாற்றலாம். தவறு நடந்தால் நடுவர் வீடியோவில் திரும்பப் பார்க்கிறார்.

ஆனால் தாத்தாவும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே வீடியோவை எதிரணியும் பார்க்கிறது. மெஸ்ஸி எந்தப் பக்கம் திரும்புவார், எந்தக் காலால் அடிப்பார் என்று நாள் கணக்கில் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். பெலேயை 1958-க்கு முன்பு சுவீடனில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஒளிந்து விளையாடக் கொஞ்சம் இடம் இருந்தது அப்போது. மெஸ்ஸிக்கு அந்த இடம் இல்லை.

பரிசுகளை வைத்து ஒப்பிடலாமா? உலகின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் தங்கப் பந்து, அதாவது பலோன் தோர், மெஸ்ஸியிடம் எட்டு இருக்கிறது. ஆடிய காலத்தில் பெலே ஒன்றுகூட வாங்கவில்லை. ஏன் தெரியுமா? 1994 வரை அந்தப் பரிசை ஐரோப்பிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் வைத்து, உங்களை மட்டும் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னால் உங்களுக்குப் பதக்கம் எப்படிக் கிடைக்கும்?

கோல்கீப்பர்களுக்கும் ஒரு பெரிய மாற்றம் வந்தது. முன்பெல்லாம் தன் அணிக்காரர் காலால் திருப்பித் தட்டிய பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுத்துக்கொள்ளலாம். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி இப்படியே நேரத்தைக் கடத்தும். 1992-ல் அதைத் தடை செய்தார்கள். 1970களில் மலேசியாவின் கோல்கீப்பராக இருந்தவர் ஆர். ஆறுமுகம். நீளமான கைகள். ரசிகர்கள் அவரை ஸ்பைடர்மேன் என்று கூப்பிட்டார்கள். இன்றைக்கு ஆடினால் அந்தக் கை மட்டும் போதாது. காலாலும் நன்றாகப் பாஸ் கொடுக்கப் பழகியிருக்க வேண்டும்.

ஆடவே கூடாது என்ற விதி

கடைசியாக ஒரு தடவை குடிசன் பார்க்குக்குப் போவோம். 1920, டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள். மைதானத்தில் 53,000 பேர். உள்ளே இடம் இல்லாமல் வெளியே இன்னும் ஆயிரக்கணக்கானோர். ஆடியவர்கள் யார்? பெண்கள். பிரெஸ்டன் நகரில் டிக், கெர் என்ற தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தொடங்கிய அணி அது. லில்லி பார் என்ற 15 வயதுப் பெண்ணும் அந்த அணியில் இருந்தார். நுழைவுச் சீட்டில் சேர்ந்த பணத்தை நல்ல காரியங்களுக்குக் கொடுத்தார்கள்.

சரியாக ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1921 டிசம்பரில் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் ஒரு முடிவு எடுத்தது. பெண்களுக்குக் கால்பந்து பொருந்தாது, எந்தச் சங்க மைதானத்திலும் அவர்களை ஆடவிடக் கூடாது. இந்தத் தடை ஐம்பது வருஷம் இருந்தது. லில்லி பார் பூங்காக்களிலும் மற்ற இடங்களிலும் 1951 வரை ஆடிக்கொண்டே இருந்தார்.

பெலேயின் பிரேசிலிலும் இதே கதைதான். அங்கே 1941-லிருந்து 1979 வரை பெண்கள் கால்பந்து ஆடச் சட்டமே தடை போட்டிருந்தது. பெலே மூன்று கோப்பைகளை வென்றது அந்தத் தடைக் காலத்தில்தான். அவர் வெறுங்காலோடு பந்து உதைத்துப் பழகிய அதே தெருவில், அவரைப் போலவே உதைத்த ஒரு பெண் பிள்ளை இருந்திருந்தால்? அவளுடைய கோல் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

தடை போனபிறகு, 1986-ல் பிரேசிலில் பிறந்தவர் மார்த்தா. 2023 வரை பெண்கள் உலகக் கோப்பையில் 17 கோல் அடித்திருக்கிறார். மேலே உள்ள உரையாடலுக்குத் திரும்பிப் போய் எண்களைப் பாருங்கள். பெலே 12. மெஸ்ஸி 13. தாத்தாவும் பேத்தியும் அவ்வளவு நேரம் சண்டை போட்டார்கள், ஆனால் ஒருவர்கூட மார்த்தாவின் பெயரைச் சொல்லவில்லை.

2025-ல் எவர்ட்டன் ஆண்கள் அணி புதிய மைதானத்துக்குப் போய்விட்டது. குடிசன் பார்க்கில் இப்போது ஆடுவது எவர்ட்டன் பெண்கள் அணி.

புதிய சொற்கள்

ஒப்பிடு: இரண்டைப் பக்கத்தில் வைத்து எது எப்படி என்று பார்.
அலகு: அளக்க உதவும் அளவு. மீட்டர், கிராம் போன்றவை.
பருவம்: இங்கே, போட்டிகள் தொடங்கி முடியும் வரை உள்ள காலம்.
தடுப்பாட்டக்காரர்: எதிரணி கோல் அடிக்காமல் தடுப்பவர்.
தற்செயல்: யாரும் திட்டமிடாமல் தானாக நடப்பது.
நொண்டு: அடிபட்ட காலை ஊன்ற முடியாமல் நட.

பயிற்சிகள்

அ. 'விட' சேர்த்து ஒரே வாக்கியமாக எழுதுங்கள்.
காட்டு: டீன் 60 கோல் அடித்தார். ஹாலண்ட் 36 கோல் அடித்தார். – டீன் ஹாலண்டை விட 24 கோல் அதிகமாக அடித்தார்.
1. மார்த்தா 17 கோல் அடித்தார். பெலே 12 கோல் அடித்தார்.
2. 1970-ல் இரண்டு பேரை மாற்றலாம். இப்போது ஐந்து பேரை மாற்றலாம்.
3. பழைய பந்து மழையில் கனத்தது. புதிய பந்து கனப்பதில்லை.

ஆ. 'அப்போது' என்று தொடங்கும் வாக்கியத்தை 'இப்போது' என்று மாற்றுங்கள். வினைச்சொல்லும் மாற வேண்டும், பொருளும் உண்மையாக இருக்க வேண்டும்!
1. அப்போது கோல்கீப்பர் தன் அணிக்காரர் காலால் தட்டிய பந்தைக் கையில் எடுத்தார்.
2. அப்போது காயப்பட்ட ஆட்டக்காரர் மைதானத்திலேயே நின்றார்.
3. அப்போது நடுவரிடம் அட்டைகள் இல்லை.

இ. பேசுவது போல இருக்கும் இவற்றை எழுதும் தமிழில் மாற்றுங்கள்.
1. பெலே மூணு உலகக் கோப்பை ஜெயிச்சார்.
2. நீங்க மட்டும் நேர்லயா பார்த்தீங்க?

ஈ. விடை எழுதுங்கள்.
1. 1925-ல் ஆஃப்சைடு விதி எப்படி மாறியது? நாணயங்களை வைத்து உங்கள் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குங்கள்.
2. சாலை விளக்குக்கும் நடுவரின் அட்டைக்கும் என்ன தொடர்பு?
3. டீனின் 60 பெரியதா, ஹாலண்டின் 36 பெரியதா? நீங்கள் எந்தப் பக்கம்? காரணம் இரண்டு சொல்லுங்கள்.

உ. வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா, மாமா, சித்தி, யாரிடமாவது கேளுங்கள்: "நீங்க சின்ன வயசுல என்ன விளையாடினீங்க? அதுல என்ன விதி இருந்தது? உங்களை ஆட விட்டாங்களா?" அவர்கள் சொன்னதை ஐந்து வாக்கியத்தில் எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். அவர்கள் பேசிய மாதிரியே எழுதினாலும் சரி.